வாசனைக்காக வளர்க்கப்படும் கஞ்சா: விதை யாருடையது?

கஞ்சா பற்றி எமது பத்திரிகைகளில் வெளியாகும் செய்திகள் பெரும்பாலும் ஒரே வகையானவை. வடக்கின் கரையோரத்தில் இத்தனை கிலோ கேரளக் கஞ்சா கைப்பற்றப்பட்டது, சந்தேகநபர்கள் கைதுசெய்யப்பட்டனர், நீதிமன்றத்தில் ஆஜர்செய்ய நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது என்பதுடன் அச்செய்தி முடிந்துவிடும். எடையும் பெறுமதியும் இடத்தின் பெயரும் மாத்திரமே மாறும். ஆனால் இதே செடி உலகின் வேறு சில நாடுகளில் இப்போது அதன் மணத்தைக் கொண்டும் மதிப்பிடப்பட்டு வருகின்றது. எலுமிச்சை மணம், மிளகு மணம், ஊசியிலை மரத்தின் மணம் எனத் தரம்பிரித்து, விரும்பிய மணம் கூடுதலாக உள்ள செடிகளை உருவாக்குவதற்கென்றே தாவர இனவிருத்தியாளர்கள் உழைத்து வருகின்றனர்.

இது எமக்குத் தொடர்பில்லாத விடயம் என்று ஒதுக்கிவிட முடியாத நிலை இன்று தோன்றியுள்ளது. 2022 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத்திட்ட உரையில் ஏற்றுமதிக்கான கஞ்சாப் பயிர்ச்செய்கை குறித்து ஆராயக் குழுவொன்றை அமைக்கும் யோசனை இடம்பெற்றது. 2025 ஆகஸ்ட்டில், ஏற்றுமதிக்காக மாத்திரம் கஞ்சா பயிரிட ஏழு வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு அனுமதி வழங்கப்பட்டுள்ளதாக ஆயுர்வேதத் திணைக்களத் தரப்பிலிருந்து தெரிவிக்கப்பட்டது. முதலீட்டுச் சபையின் கீழ் மீரிகம பகுதியில் இச்செய்கை இடம்பெறும் எனவும் கூறப்பட்டது. இதனை ஆதரிப்போர் அந்நியச் செலாவணியைப் பற்றியும் எதிர்ப்போர் சமூகச் சீரழிவைப் பற்றியும் பேசுகின்றனர். இரண்டும் பேசப்பட வேண்டியவையே. ஆயினும் இச்சந்தையில் உண்மையில் விற்கப்படுவது என்ன, அதன் பெறுமதி எங்கே உருவாகின்றது என்ற கேள்வியை இரு தரப்பினரும் போதியளவு எழுப்பவில்லை என்றே நாம் கருதுகின்றோம். அதற்கு விடைகாண, முதலில் இந்த மணத்தின் இரகசியத்தை அறிய வேண்டியுள்ளது.

தாவரங்களின் மணத்துக்குக் காரணமான சேர்வைகளில் மிகப் பெரிய குடும்பம் டெர்பீன்கள் எனப்படுவதாகும். இவை எமது சமையலறைக்குப் புதியவையல்ல. தேசிக்காய், தோடம்பழம் ஆகியவற்றின் தோலைக் கிள்ளும்போது தெறிக்கும் மணம் பெரும்பாலும் லிமொனீன் என்ற டெர்பீனினுடையது. மிளகின் காரமான நறுமணத்திலும் கராம்பின் எண்ணெயிலும் கரியோபிலீன் உண்டு. ஊசியிலை மரங்களின் பிசினில் பைனீனும், லவண்டர் மலரில் லினலூலும், மாம்பழத்தில் மிர்சீனும் காணப்படுகின்றன. எமது முஸ்லிம் சகோதரர்கள் மதித்துப் பயன்படுத்தும் ஊது அத்தரின் ஆழ்ந்த மணமும் அகில் மரத்தில் விளையும் இக்குடும்பச் சேர்வைகளின் பங்களிப்பினால் வருவதே.

வேறுபட்ட இந்த மணங்கள் யாவும் ஒரே அடிப்படை அலகினால் ஆனவை. ஐந்து காபன் அணுக்களைக் கொண்ட சிறு துண்டொன்று இரண்டு சேர்ந்தால் பத்துக் காபன் கொண்ட இலகுவான டெர்பீன் உருவாகும். மூன்று சேர்ந்தால் பதினைந்து காபன் கொண்ட சற்றுக் கனமான டெர்பீன் உருவாகும். லிமொனீன், மிர்சீன், பைனீன் என்பன முதல் வகையையும் கரியோபிலீன் இரண்டாம் வகையையும் சார்ந்தவை. இந்த ஒழுங்கை விளக்கிய லியோபோல்ட் ருசிக்கா என்ற விஞ்ஞானி 1939ஆம் ஆண்டுக்கான இரசாயனவியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவராவார். இலகுவானவை விரைவில் ஆவியாகும். கனமானவை நின்று மணக்கும். அத்தர் விற்பவர்கள் அனுபவத்தால் அறிந்த உண்மை இது.

கஞ்சாச் செடியில் ஆண், பெண் என இருவகைச் செடிகள் தனித்தனியே உண்டு. பெண் செடியின் பூங்கொத்துகளில் நுண்ணிய சுரப்பு மயிர்கள் அடர்ந்துள்ளன. பிசின் திரளும் இந்தச் சுரப்பிகளிலேயே போதையூட்டும் ரி.எச்.சி.யும் போதையூட்டாத சி.பி.டி.யும் டெர்பீன்களும் ஒருங்கே உருவாகின்றன. உலர்ந்த பூவின் எடையில் டெர்பீன்களின் பங்கு பொதுவாக 1 முதல் 3 சதவீதம் வரையே. இந்தச் சிறு பங்கை உயர்த்துவதும் விரும்பிய திசையில் திருப்புவதுமே இன்றைய இனவிருத்தியாளர்களின் இலக்காகும்.

இவர்கள் ஏன் வாசனையின் பக்கம் திரும்பினார்கள்? ரி.எச்.சி.யை 1964இல் இஸ்ரேலைச் சேர்ந்த ரபேல் மெச்சூலமும் யெஹியல் காவோனியும் தூய வடிவில் பிரித்தெடுத்து அதன் கட்டமைப்பை அறிவித்தனர். அதன் பின்னர் பல தசாப்தங்களாகக் கஞ்சா வளர்ப்போரின் கவனம் அந்த ஒரு பொருளைக் கூட்டுவதிலேயே இருந்தது. அமெரிக்காவில் கைப்பற்றப்பட்ட கஞ்சா மாதிரிகளில் 1995இல் ஏறத்தாழ 4 சதவீதமாக இருந்த ரி.எச்.சி., 2014இல் ஏறத்தாழ 12 சதவீதமாக உயர்ந்திருந்தது. ஒரே எண்ணை நோக்கி அனைவரும் ஓடியதன் விளைவாகப் பொருள்களுக்கிடையே வேறுபாடு குறைந்தது. 2012 முதல் அமெரிக்க மாநிலங்கள் சிலவும், 2013இல் உருகுவேயும், 2018இல் கனடாவும் சட்டபூர்வ விற்பனைக்கு வழிவிட்டபோது, வணிகர்களுக்குத் தமது பொருளை மற்றவரின் பொருளிலிருந்து வேறுபடுத்திக் காட்டும் அடையாளம் தேவைப்பட்டது. தேயிலைக்கும் வைனுக்கும் மணம் அளிக்கும் அடையாளத்தைக் கஞ்சாவுக்கும் அளிக்க அவர்கள் முற்பட்டனர்.

செய்முறை அடிப்படையில் எமது விவசாயிகள் காலங்காலமாகச் செய்துவரும் தெரிவுமுறையே. கஞ்சா இயல்பாகவே அயன்மகரந்தச் சேர்க்கைக்கு உட்படும் செடியாதலால், ஒரே பெற்றோரின் விதைகளிலிருந்து முளைக்கும் கன்றுகளும் ஒன்றையொன்று ஒத்திருப்பதில்லை. எனவே பெருந்தொகையான கன்றுகளை வளர்த்து, பூத்த பின்னர் ஒவ்வொன்றின் மணச் சேர்வைகளையும் ஆய்வுகூடத்தில் பிரித்தளந்து, சிறந்தவற்றைப் பொறுக்கியெடுத்து மீண்டும் கலக்கின்றனர். விரும்பிய தன்மை நிலைபெறும்வரை சந்ததி சந்ததியாக இது தொடரும். ஆனால் நெருங்கிய உறவுச் செடிகளையே திரும்பத் திரும்பக் கலந்தால் வீரியம் குன்றும். எனவே சிறந்த தாய்ச்செடி ஒன்று கிடைத்துவிட்டால், அதன் தண்டுத் துண்டுகளை வேர்விடச் செய்து அச்சொட்டான பிரதிகளைப் பெருக்குவதே வழக்கமாகியுள்ளது.

இங்கு இரண்டு வேறுபட்ட கேள்விகள் உள்ளதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். மொத்தத்தில் எவ்வளவு டெர்பீன் என்பது ஒன்று; எந்த டெர்பீன் என்பது மற்றையது. எந்த டெர்பீன் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பவை அச்செடியிலுள்ள நொதியங்களாகும். ஒரே மூலப்பொருளை ஒரு நொதியம் லிமொனீனாகவும் இன்னொன்று மிர்சீனாகவும் மாற்றும். 2011இல் கனேடிய விஞ்ஞானிகள் கஞ்சாவின் பரம்பரையலகுத் தொகுதியின் முதல் வரைபை வெளியிட்டதைத் தொடர்ந்து, இந்நொதியங்களுக்குரிய பரம்பரையலகுகளை ஒவ்வொன்றாக இனங்காண வழி பிறந்தது. இதனால் இளங்கன்றின் இலையொன்றைச் சோதித்தே அதன் எதிர்கால மணத்தைப் பற்றி ஓரளவு ஊகிக்கும் நிலை உருவாகி வருகின்றது.

மொத்த அளவோ இத்தனை இலகுவில் வசப்படுவதில்லை. சுரப்பிகளின் எண்ணிக்கை, பருமன், மூலப்பொருளின் வழங்கல் எனப் பல காரணிகள் அதில் சம்பந்தப்படுகின்றன. குறிப்பாக, இலகுவான டெர்பீன்களுக்கு மூலமாக அமையும் அதே பத்துக் காபன் சேர்வையே ரி.எச்.சி., சி.பி.டி. ஆகியவற்றின் ஆக்கத்துக்கும் தேவைப்படுகின்றது. ஒரே களஞ்சியத்திலிருந்து இரு வீட்டாருக்கு நெல் அளப்பது போன்றதே இது. இவற்றுக்கு அப்பால் ஒளி, வெப்பம், அறுவடைக் காலம் என்பனவும் பங்குகொள்கின்றன. அறுவடையின் பின்னரோ மணம் மெல்லப் பறந்துவிடுகின்றது. 1996இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், சாதாரண வெப்பநிலையில் உலர்த்தி வைக்கப்பட்ட பூக்கள் மூன்று மாதங்களில் தமது ஆவியாகும் எண்ணெயில் பாதிக்கும் மேற்பட்டதை இழந்திருந்தன. பல தலைமுறை உழைப்பால் செடியில் கூட்டிய மணம், முறையான உலர்த்தலும் குளிர்ச் சேமிப்பும் இல்லாவிடின் வாங்குபவரைச் சென்றடையப்போவதில்லை.

இத்துறையில் உலவும் பெயர்களையும் நாம் நம்பிவிட முடியாது. 'சட்டைவா', 'இன்டிக்கா' என்ற இரு பெயர்களால் கஞ்சா வகைகள் விற்கப்படுகின்றன. முதற் பெயர் 1753இல் லின்னேயஸும், இரண்டாவது 1785இல் இந்தியாவிலிருந்து பெற்ற செடிகளைக் கொண்டு லமார்க்கும் சூட்டியவை. 2021இல் 'நேச்சர் பிளாண்ட்ஸ்' சஞ்சிகையில் வெளியான ஆய்வொன்று, நூற்றுக்கணக்கான மாதிரிகளைப் பரிசோதித்து, இப்பெயர்கள் செடிகளின் ஒட்டுமொத்தப் பரம்பரை உறவைப் பிரதிபலிக்கவில்லை எனக் கண்டது. ஒருசில டெர்பீன்களின் அளவுடன் மாத்திரமே அவை பொருந்தின. அதாவது, வம்சத்தின் பெயரென எண்ணப்பட்டது உண்மையில் மணத்தின் பெயராகவே வழங்கி வந்துள்ளது. அதே 2021இல் மற்றுமோர் ஆய்வு, கஞ்சாவுக்கே உரியதெனக் கருதப்படும் கடுமையான நெடிக்கு டெர்பீன்களன்றி மிகச் சிறிய அளவிலுள்ள கந்தகச் சேர்வைகளே பிரதான காரணம் எனக் காட்டியது. மணத்தை முழுமையாகப் புரிந்துகொள்வதற்கு முன்னரே மணத்தின் பெயரால் வியாபாரம் வளர்ந்துவிட்டது.

வியாபாரத்துடன் மருத்துவக் கூற்றுகளும் சேர்ந்துள்ளன. டெர்பீன்கள் ரி.எச்.சி.யுடன் சேர்ந்து இயங்கி அதன் நன்மையைக் கூட்டும், தீமையைக் குறைக்கும் என்ற கருத்து பரவலாக விளம்பரப்படுத்தப்படுகின்றது. இதற்கு ஆதாரமே இல்லை எனக் கூறுவது நேர்மையாகாது. மிளகிலுள்ள கரியோபிலீன், உடலில் கஞ்சாச் சேர்வைகள் பொருந்தும் இரு ஏற்பிகளில் ஒன்றுடன் பொருந்துவதாக 2008இல் காட்டப்பட்டது. போதையை உண்டாக்கும் ஏற்பி அதுவன்று. 2024இல் வெளியான ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வில், ரி.எச்.சி.யினால் தோன்றும் பதற்றத்தை லிமொனீன் ஓரளவு தணித்தமை அவதானிக்கப்பட்டது. எனினும் அதில் பங்குபற்றியோர் 20 பேர் மாத்திரமே. மறுபுறம், 2019இல் அவுஸ்திரேலியாவில் நடைபெற்ற ஆய்வுகூடச் சோதனைகளில், சாதாரணமாகக் காணப்படும் பல டெர்பீன்கள் அந்த இரு ஏற்பிகளிலும் ரி.எச்.சி.யின் செயலில் மாற்றம் எதனையும் ஏற்படுத்தவில்லை. 2018இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கடுமையான வலிப்பு நோய்க்கு அங்கீகரித்த எபிடியோலெக்ஸ் என்ற மருந்து, செடியிலிருந்து பிரித்துச் சுத்திகரிக்கப்பட்ட சி.பி.டி.யாகும். அதில் மணத்துக்கு எந்தப் பங்குமில்லை.

எனவே மணம் மிகுந்த கஞ்சா பாதுகாப்பான கஞ்சா என்றோ மருந்துக் கஞ்சா என்றோ எவரேனும் கூறினால், அதனை எமது இளைஞர்கள் நம்பக்கூடாது. எலுமிச்சை மணம் வீசுவதால் ரி.எச்.சி. தனது இயல்பை விட்டுவிடாது. வளரிளம் பருவத்தில் அதிக செறிவுள்ள கஞ்சாவைத் தொடர்ந்து பாவிப்பது உளப்பிறழ்வு நோய்க்கான ஆபத்துடன் தொடர்புடையது என்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் எடுத்துக்காட்டியுள்ளன. மேலும், செறிவாக்கிய டெர்பீன்களை மிகை வெப்பத்தில் ஆவியாக்கிச் சுவாசிக்கும்போது பென்சீன் போன்ற நச்சுப் பொருள்கள் தோன்றுவதை 2017இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

இவ்விடத்தில் எமது இரு சமூகங்களின் மரபையும் நினைவுகூர்வது பொருத்தமானது. சித்த, ஆயுர்வேத, யூனானி வைத்திய முறைகள் மூன்றும் இச்செடியை அறிந்திருந்தன. ஆனால் அவை அதனை வைத்தியரின் கைக்குள், அளவுக்குள், சுத்திக்குள் வைத்திருந்தன. போதையூட்டும் பொருளை இஸ்லாம் விலக்கியதும், அறநூல்கள் மயக்கந் தருவதை இழித்துரைத்ததும் எமது வாசகர்கள் அறிந்தவையே. நறுமணத்தை இவ்விரு மரபுகளும் விலக்கவில்லை, போற்றவே செய்தன. டெர்பீன்கள் தம்மளவில் இந்தப் போதையைத் தருவனவுமல்ல. கஞ்சாவிலுள்ள லிமொனீனும் தோடம்பழத் தோலிலுள்ள லிமொனீனும் ஒரே பொருளே. நறுமணம் மட்டுமே தேவையெனில் அதற்குக் கஞ்சாவை நாட வேண்டிய அவசியமில்லை என்பதும் இதிலிருந்து பெறப்படும்.

இனி, நாம் ஆரம்பத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். இச்சந்தையில் பெறுமதி நிலத்தின் பரப்பிலோ மலிவான கூலியிலோ உருவாவதில்லை. குறித்த சேர்வைகளைக் குறித்த அளவில் ஒவ்வொரு அறுவடையிலும் தவறாது தரும் செடியிலேயே அது உருவாகின்றது. அச்செடியோ ஆக்கவுரிமைக்கு உட்பட்ட சொத்தாகி வருகின்றது. 2015இல் அமெரிக்காவில் வழங்கப்பட்ட ஆக்கவுரிமை ஒன்று, சி.பி.டி. அளவையும் மிர்சீன் முதன்மை பெறாத மணக் கோலத்தையும் இணைத்து, அத்தகைய கலப்பினக் கஞ்சாச் செடிகளுக்கே உரிமை கோரியது. 2016இல் அங்கு முதற்தடவையாகத் தனியொரு கஞ்சா வகைக்கெனத் தாவர ஆக்கவுரிமை வழங்கப்பட்டது. ஆசிய விவசாயிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பேணிய செடியொன்றின் மணம், இன்று சட்டத்தரணிகளின் ஆவணங்களில் வரையறுக்கப்படுகின்றது. 2021இல் 110 மாதிரிகளின் பரம்பரையலகுகளை ஒப்பிட்ட ஆய்வொன்று, இச்செடி கிழக்காசியாவிலேயே ஏறத்தாழ 12,000 ஆண்டுகளுக்கு முன்னர் முதன்முதலில் மனிதரால் வசப்படுத்தப்பட்டது எனக் கூறுகின்றது.

ஒரே தாய்ச்செடியின் பிரதிகளை நம்பியிருப்பதிலும் ஆபத்துண்டு. கலிபோர்னியாவின் கஞ்சாச் செடிகளில் 2019இல் அறிவிக்கப்பட்ட நுண்நோய்க் காரணி ஒன்று, தண்டுத் துண்டுகளுடனேயே தோட்டத்துக்குத் தோட்டம் பரவி, ரி.எச்.சி.யையும் மணத்தையும் ஒருங்கே குறைத்துவிடுகின்றது. மணத்துக்காக ஒரு வகையை மாத்திரம் பெருக்குபவர், ஒரே நோயினால் முழுப் பயிரையும் இழக்கும் நிலைக்குத் தம்மைத் தாமே ஆளாக்கிக் கொள்கின்றார்.

வாசனைப் பயிர் ஒன்றில் இத்தகைய பாடத்தை இந்த நாடு ஏற்கெனவே கற்றுள்ளது. சிட்ரொனெல்லா எண்ணெய் தரும் வாசனைப்புல் தென் மாகாணத்தின் பழைய ஏற்றுமதிப் பயிராகும். ஒரு காலத்தில் உலகச் சந்தை இலங்கை எண்ணெயையே நம்பியிருந்தது. இங்கு பரவலாகப் பயிரிடப்பட்ட 'லேனபட்டு' வகையின் எண்ணெயில் வாசனைத் தொழிலுக்குத் தேவையான ஜெரனியோல் வகைப் பொருள்கள் 55 முதல் 65 சதவீதம் வரை இருந்தன. 'மஹா பெங்கிரி' என்ற மற்றைய வகையிலோ அது 85 சதவீதத்தையும் எட்டியது. இலங்கையிலிருந்தே சென்றதெனக் கருதப்படும் அந்த வகையை ஜாவாவில் தோட்டங்களாக வளர்த்தவர்கள் உயர்தரச் சந்தையைத் தமதாக்கிக்கொண்டனர். இங்கு சில வியாபாரிகள் எண்ணெயில் மண்ணெண்ணெய் கலந்தமையும் இலங்கைச் சரக்கின் மதிப்பைக் கெடுத்தது. இரு வகைப் புற்களும் எம்மிடமே இருந்தன. தெரிவும் தரக்கட்டுப்பாடும் பிறரிடம் இருந்தன. அவர்கள் வென்றார்கள்.

இதற்கு மாறான உதாரணமும் இங்கேயே உண்டு. கறுவாவில் 'ஸ்ரீ கெமுனு', 'ஸ்ரீ விஜய' என்ற சிறந்த வகைகளை உள்ளூர்ச் செடிகளிலிருந்தே எமது அரச ஆராய்ச்சியாளர்கள் தெரிவுசெய்து விவசாயிகளுக்கு வழங்கினர். பொறுமையான இனவிருத்தி இந்த மண்ணில் இயலாத காரியமல்ல என்பதற்கு அது சான்று. மிளகு, ஏலம், கராம்பு, கறுவா ஆகிய எந்தச் சமூகத்துக்கும் மனச்சங்கடம் தராத பயிர்களில் டெர்பீன் வளம் நிறைந்திருக்கும்போது, அவற்றின் இனவிருத்திக்கு நாம் செலவிடும் தொகை போதுமானதா என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வியாகும்.

ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணைக்குழு 2020 டிசம்பரில் 27 இற்கு 25 என்ற வாக்குகளால் கஞ்சாவை மிகக் கடுமையான கட்டுப்பாட்டுப் பட்டியலிலிருந்து நீக்கியதேயன்றிச் சர்வதேசக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கவில்லை. ஆகவே ஏற்றுமதித் திட்டத்தை முன்னெடுப்போர் நாட்டு மக்களுக்கு மூன்று விடயங்களைத் தெளிவுபடுத்துவது கடமையாகும். பயிரிடப்படும் வகைகளின் உரிமை யாருடையது, முதலீட்டாளர் வெளியேறினால் எம்மிடம் எஞ்சுவது செடியா வெறும் நிலமா என்பது முதலாவது. ஒவ்வொரு அறுவடையையும் பிரித்தளந்து உறுதிப்படுத்தும் சுயாதீன ஆய்வுகூடம் இந்நாட்டில் இயங்குமா என்பது இரண்டாவது. வேலிக்குள் விளைவது வேலியைத் தாண்டி எமது பிள்ளைகளின் கைகளுக்குச் செல்லாது என்பதற்கு என்ன உத்தரவாதம் என்பது மூன்றாவது.

இம்மூன்றுக்கும் விடை கிடைக்கும்வரை, செடியின் நறுமணத்தைப் பற்றிய புகழுரைகளை வைத்து மாத்திரம் எந்த முடிவுக்கும் வருவது விவேகமாகாது. விதையும் அளவுகோலும் பிறரிடம் இருக்கும் பயிரில் எமக்குக் கிடைப்பது கூலி மாத்திரமே. சிட்ரொனெல்லா புகட்டிய இந்தப் பாடத்தை மீண்டும் ஒருமுறை விலைகொடுத்துக் கற்க வேண்டிய நிலைக்கு நாட்டைத் தள்ளிவிடக் கூடாது என்பதைச் சம்பந்தப்பட்டோர் கவனத்திற் கொள்ள வேண்டும்.